அன்று என்ன கிழமை

என் மகள் வயதுகூட இருக்காது மருத்துவர் யஸ்னாவுக்கு.
கோட்டுப் பையில் பாதி கடித்த ஆப்பிள்.
ஈசிஜி காகிதத்தை மேசையில் நீவிவிட்டு
ஓரிடத்தில் பேனாவை ஊன்றினாள்.
"இங்கே ஒரு தழும்பு, ஒத்திலியா. பழசு.
உங்களுக்கு மாரடைப்பு வந்து போயிருக்கிறது.
எப்போது என்று நினைவிருக்கிறதா?"

வந்து போயிருக்கிறதாம்.
ஆள் இல்லாத நேரம் வந்து
கதவிடுக்கில் சீட்டைச் செருகிவிட்டுப் போகும்
மின்சாரக் கணக்குக்காரனைப் போல.

பதினொரு வருடச் சர்க்கரை
நரம்புகளின் வாயைக் கட்டிவிடுமாம்.
கால் விரல்களோடு நின்றது என்றிருந்தேன்.
போன குளிர்காலம் ரப்பர் பூட்சுக்குள்
உடைந்த சிப்பி ஓட்டோடு
ஒரு முழு ஷிப்ட் நின்றவள் நான்.
வீட்டில் காலுறை சிவந்திருந்தது.

நெஞ்சறிய ஒரு பொய் சொன்னதில்லை என்று
பாதிரியாரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.
நெஞ்சில் நடந்ததையே
நெஞ்சறியவில்லை.

தீவுக்குத் திரும்பும் படகில்
நாட்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன்.
மழை. சால்மன் கூண்டுகளின் மேல் கடற்காகங்கள்.

நொல்பெர்த்தோவின் அண்ணனைப் புதைத்த அன்றா?
கல்லறை மேட்டில் மூச்சு வாங்கியது.
எல்லோருக்கும்தான் வாங்கியது,
அண்ணன் அப்படி ஒரு கனம்.

உருளைக்கிழங்கு மூட்டைகளை
ஈரத்தோடு வண்டியில் ஏற்றினோமே, அன்றா?
தாடையில் ஒரு வலி.
பல் என்று நினைத்து ஊருக்குப் போய்
நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்,
காசும் கொடுத்து.

இல்லை.
ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
மீன் ஆலையின் குளிர் அறை.
ஓர் இரவுக்கு ஆயிரம் மீன்களைக் கீறி
கட்டைவிரல் அளவு இதயங்களைத்
தொட்டியில் ஒதுக்குகிற வேலை.
எல்லோரும் கம்பளிக்குள் நடுங்க
எனக்கு மட்டும் ஏப்ரன் நனைய வியர்த்தது.
சர்க்கரை இறங்கிவிட்டது என்று
கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து
மூன்று காராமல் மிட்டாய் மென்றேன்.
"பத்து நிமிடம்தான்" என்றான் மேற்பார்வையாளன்.
பத்தாவது நிமிடம் எழுந்து
கத்தியை எடுத்தேன்.
சம்பளச் சீட்டில் அது இன்னும் இருக்கும்:
இடைவேளை, கழிவு.

என் இதயத்தில் ஒரு துண்டு செத்துக்கொண்டிருக்க
அதற்கு நான் மிட்டாய் கொடுத்திருக்கிறேன்.

"சர்க்கரையை மட்டும் காவல் காத்தீர்கள்,
மற்ற வாசல்களெல்லாம் திறந்தே கிடந்தன" என்றாள் யஸ்னா.
இப்போது இரவில் கொழுப்புக்கு ஒன்று,
காலையில் அழுத்தத்துக்கு ஒன்று,
சர்க்கரையைச் சிறுநீரில் அனுப்பி
இதயத்தையும் தாங்குகிற புது மாத்திரை ஒன்று.
புகை போட்ட சிப்பி மாலைகளில் உப்பு என்பதால்
பக்கத்து வீட்டு எதெல்மிராவுக்கு எல்லாம் போயின.
அவளுக்கும் அழுத்தம் உண்டு.
அதைச் சொன்னேன். சிரித்தாள், வாங்கிக்கொண்டாள்.

நொல்பெர்த்தோ சிகரெட்டை விட்டான் என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
விறகுக் கொட்டகையில் நிற்கிறான்.
என் விரல்கள்தான் மரத்தன,
மூக்கு இல்லை.

ஏப்ரன் பையில் இன்னும் மிட்டாய் வைத்திருக்கிறேன்.
முதலில் விரலைக் குத்து, எண்ணைப் பார்,
பிறகு வாயைத் திற என்பது உத்தரவு.
எண் சரியாக இருந்தும் வியர்த்தால்
பத்து நிமிடம் கேட்காதே, ஆம்புலன்ஸ் படகைக் கேள்.

போன மாதம் படிவத்தில் ஒரு கட்டம்:
மாரடைப்பு ஏற்பட்ட தேதி.
யஸ்னா 'தெரியாது' என்று எழுதப் போனாள்.
பேனாவை வாங்கி நானே எழுதினேன்.
செவ்வாய் என்பது நிச்சயம்.
பன்னிரண்டா பத்தொன்பதா என்பதில்தான்
கொஞ்சம் தடுமாற்றம்.

பன்னிரண்டு என்று போட்டேன்.
அன்றுதான் சம்பளம் பிடித்தார்கள்.